முதலில் என்னுடையது

யாரைப் பற்றியாவது குறை சொல்ல அக்காவிடம் போகிறவர்கள் ஒரு சாயா குடித்துவிட்டுப் போவது நல்லது. போன காரியம் சீக்கிரம் முடியாது. இன்னார் இப்படிச் செய்துவிட்டார் என்று நாம் தொடங்கியதும் அவள் இடது கையைத் தூக்கி நிறுத்துவாள். "நில்லுங்க. முதல்ல என்னோடதச் சொல்லிருதேன்" என்பாள். நாம் அடுத்தவர் மேல் என்ன குறை கொண்டுபோனோமோ, அதே வகையில் தான் செய்த தப்பு ஒன்றை எடுத்துச் சொல்லுவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். சொல்லி முடித்ததும் நம் முகத்தைப் பார்ப்பாள். "இனி உங்களோடது. அப்புறம் அந்த ஆளப் பத்திப் பேசுவோம்." பாதிப் பேருக்கு அந்த இடத்தில்தான் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வரும். எழுந்து போய்விடுவார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் இருந்த ஜூ டவுனுக்குத் திரும்புகிற தெருவில் ஒரு குஜராத்தி சேட்டின் கிட்டங்கி; மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி அடுக்குகிற சரக்குக் கிடங்கு. எழுபதுகளின் நடுவில் நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகினால் அதன் குழி வழியாக மிளகு உள்ளங்கைக்கு வரும். அதைப் பார்த்து, மோந்து, ஒன்றைக் கடித்து, இது சரி, இது ஈரம், இதில் பப்பாளி விதை கலந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. நான் வேண்டாம் என்றால் அந்த மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். அந்த மாதிரி வேலையில் ஏழு வருஷம் இருந்தவனுக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறாமல் இருக்காது. எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

அக்கா எனக்கு ஒரு வருஷம் பிந்தி வந்தவள். முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்களோடு உட்கார்ந்து சுளகில் மிளகு புடைப்பாள். என்னைவிட மூன்று வயது இளையவள்தான். ஆனாலும் மலையாளத்துப் பெண்கள் உட்பட எல்லோருக்கும் அவள் அக்கா, எனக்கும் அக்கா. அவளோ என்னை அண்ணாச்சி என்பாள். "அவளுக்கு நீங்க அண்ணாச்சி, உங்களுக்கு அவ அக்கா. இது எந்த ஊர் உறவு?" என்று என் மனைவி கேட்பாள். 

அவளுடைய அப்பா காலத்திலேயே சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளிடம் இருந்த வேதபுத்தகம் மலையாளம். எங்கள் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவளை வாசிக்கச் சொன்னால், மலையாளத்தில் பார்த்துத் தமிழில் சொல்லுவாள். கர்த்தாவு, ஸ்நேகம் என்று நடுவே மலையாள வார்த்தை ஏதாவது தப்பி விழும். நாங்கள் சிரிப்போம். அவளும் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பாள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவை புது உபதேசியார் வந்தார். இளம் வயது, குரல் நல்ல கனம். ஆராதனையில் தூங்குகிறவர்களைப் பற்றிப் பிடிபிடி என்று பிடித்தார். யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லட்டுமா என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, என் பேரத்தான் முதல்ல சொல்லணும். போன ஞாயிறு நான் தூங்குனேன். பிரசங்கம் தொடங்கினதும் தெரியாது, தீர்ந்ததும் தெரியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்து, படகுத்துறையில் மூட்டை தூக்குகிற ஒருவர் எழுந்து, தானும் என்றார். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் இரண்டு கிழவர்கள் ஒன்றாக எழுந்தார்கள். உபதேசியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், வேதபாடசாலையில் படிக்கும்போது காலை ஜெபத்தில் தூங்கியதற்காக அறை முழுவதும் பெருக்க வைக்கப்பட்ட கதையை அவரே சொன்னார். அவர் அதற்குப் பிறகு நன்றாகப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை. நான் தூங்குகிறவன் இல்லை. தூங்குகிறவர்களைக் குறித்து வைத்து உபதேசியாரிடம் சொன்னவனே நான்தான்.

எல்லாத் தடவையும் இப்படிச் சிரிப்பாக முடியாது. கூட்டத்துக்கு வருகிற ஒருவன் குடித்துவிட்டுப் பெற்ற தாயை அடித்தான். அவனைச் சேர்க்கக்கூடாது, திருவிருந்து கொடுக்கக்கூடாது என்று நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா கையைத் தூக்கினாள். இதில் அவளுக்குச் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"நான் என் மாமியார அடிச்சிருக்கேன்" என்றாள். "கஞ்சிப் பானைய எத்திவிட்டாங்கன்னு கன்னத்துல ஒண்ணு வச்சேன். அவங்களுக்குக் கண்ணு தெரியாது. கண்ணு தெரியாம எத்திட்டாங்கன்னு அப்புறந்தான் எனக்கு விளங்கிச்சு. அந்தக் கிழவி என்னப் பத்தி யாருகிட்டயும் சொல்லல. செத்தும் போயிட்டாங்க."

 அன்று எனக்கு அவள்மேல் ஒரு வெறுப்பே வந்தது. கண் தெரியாத கிழவியை அடித்தவளா நம்மோடு உட்கார்ந்து ஜெபிக்கிறாள் என்று தோன்றியது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனாள். போய் என்ன சொன்னாள் என்று பிறகு அவனே எங்களிடம் சொன்னான். தன் கதையை அவனிடமும் சொல்லியிருக்கிறாள். "நான் செஞ்சதும் பாவம், நீ செய்யறதும் பாவம். எனக்கு மன்னிப்புக் கேக்க ஆளில்ல. உனக்கு அம்மா உள்ள இருக்கா. போ" என்றிருக்கிறாள். அவன் உள்ளே போனான். குடியை விட்டானா என்றால் முழுக்க விட்டான் என்று சொல்ல முடியாது. கை நீட்டுவதை விட்டான்.

கண்ணில் உத்திரமும் துரும்பும் இருக்கிற அந்த வசனத்தை நாமெல்லாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்பது அவளுடைய குறை. "ஏசு, அவன் கண்ணுல கெடக்குற துரும்ப எடுக்காதேன்னு சொல்லல அண்ணாச்சி. உன்னோடத எடுத்துட்டு வந்து நல்லாப் பாத்து எடுன்னு சொல்லுதாரு. துரும்பு கெடந்தா அவனுக்கும் உறுத்தும்ல" என்பாள். நான் தலையாட்டுவேன். பிரசங்க விஷயங்களில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவள் எனக்குச் சொல்வதாவது என்று உள்ளே ஓடும்.

இப்போது தென்காசிக்காரியின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் கிட்டங்கிக்குப் புதிதாக வந்தவள். புருஷன் களமசேரியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தான். வாய்த்துடுக்கு அவளுக்கு உண்டு. ஒரு நாள் அவள் புடைத்த மிளகில் காம்பு கிடக்கிறது என்று நான் சொன்னதற்கு, "உங்க கண்ணுலதான் காம்பு கெடக்கு" என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை மறக்கவில்லை.

மிளகுத் தூசு தலையில் இறங்காமல் இருக்கப் பெண்கள் தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். ஒரு நாள் வேலை முடிந்து நான் கிணற்றடியில் கைகழுவிக்கொண்டிருந்தேன். தென்காசிக்காரி பின்வாசலுக்கு வெளியே நின்று துண்டை அவிழ்த்தாள். மடிப்பிலிருந்து மிளகு கையில் விரித்த காகிதத்தில் கொட்டியது. ஒரு பிடி இருக்கும். சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. திருட்டில் பிடிபட்டவளுக்கு அந்தத் தெருவில் எந்தக் கிட்டங்கியிலும் வேலை கிடைக்காது. படுத்துக் கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு அவள் ஊர் திரும்ப வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. நியாயம் என் பக்கம் இருந்தது அல்லவா.

உடனே மாடிக்குப் போய்ச் சேட்டிடம் சொல்லியிருப்பேன். ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் ஒருத்தியை நீக்கினால் பெண்கள் அத்தனை பேரும் சுளகைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதனால் முதலில் அவளிடம் போனேன். அவள் வாசலில் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கண்டதைச் சொன்னேன்.

கை உயர்ந்தது. "நில்லுங்க அண்ணாச்சி. முதல்ல என்னோடது. நானும் எடுத்திருக்கேன்."

"நீங்களா?"

"இதே கிட்டங்கியிலதான். ஜாதிபத்திரி. தங்கச்சிக்குப் பிள்ளப்பேறு மருந்து இடிக்கணும்னு கொண்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோனேன். ரெண்டு தடவை. ரெண்டாந்தடவை மருந்துக்குன்னுகூட இல்ல. முதல் தடவை யாரும் பிடிக்கலங்கிற தைரியம்."

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு பேரையும் சேர்த்தே சேட்டிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். என் புத்தி அப்படி இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இனி உங்களோடது."

"எனக்கு அப்படி ஒண்ணும் கெடயாது" என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அவள் என்னை மடக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "இல்லன்னா பாக்கியம்தான். நாளைக்குக் காலைல போயிச் சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஊரில் இருக்கிற என் கூடப்பிறந்த அக்காள் வீட்டுக்கு அனுப்பப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபடியே தென்காசிக்காரியின் கதையைச் சொன்னேன். கொஞ்சம் கண் மூக்கு வைத்துத்தான் சொன்னேன்.

"எவ்வளவு எடுத்தா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு பிடி."

அவள் பக்கத்தில் இருந்த தகர டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி நல்லமிளகை அள்ளி என் முன்னால் நீட்டினாள். "இம்புட்டு இருக்குமா?"

அவள் குத்திக் காட்டவில்லை. அளவு தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு டின்னைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு டின். கட்டி முடித்த பொட்டலம் ஒன்று, கட்டாதது ஒன்று. எல்லாம் கிட்டங்கி மிளகு. ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி போட்டு உள்ளங்கைக்கு வருவதில் கொஞ்சம்தான் சாம்பிள் டப்பாவுக்குப் போகும். மீதியை நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிற துணிப்பையில் போடுவேன். சனிக்கிழமை பை என்னோடு வீட்டுக்கு வரும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். யாரும் கொடுத்ததில்லை, யாரிடமும் கேட்டதில்லை. ஏழு வருஷத்தில் நாங்கள் கடையில் மிளகு வாங்கியதே இல்லை. என் ஊர், மனைவி ஊர்ச் சொந்தக்காரர்களும் வாங்கியதில்லை.

ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைத் தீர்க்கதரிசி சொன்னபோது, தான் அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டதை மறந்து, அந்த மனுஷன் சாக வேண்டும் என்று கொதித்த தாவீது ராஜாவைப் பற்றி நான் ஜெபக் கூட்டத்தில் பல தடவை விளக்கியிருக்கிறேன். நன்றாக விளக்குவேன் என்று பெயர். அந்த மனுஷன் நீதான் என்று ராஜாவுக்குச் சொல்லத் தீர்க்கதரிசி இருந்தார். எனக்குச் சொல்ல என் மனைவி கை நிறைய மிளகோடு உட்கார்ந்திருந்தாள், தான் சொல்கிறோம் என்று தெரியாமலே.

"என்ன, சோறு ஆறுது" என்றாள்.

"அவ்வளவு இருக்காது. அதுல பாதிதான்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் மாடிக்குப் போனேன். சேட்டு விளக்கேற்றி முடித்து மெத்தையில் உட்கார்ந்திருந்தார். எங்களோடு மலையாளத்தில்தான் பேசுவார். என்ன என்று தலையை உயர்த்தினார். தென்காசிக்காரியைப் பற்றிச் சொல்லத்தான் போனேனா, என்னைப் பற்றிச் சொல்லத்தான் போனேனா, படி ஏறும்வரை எனக்கே நிச்சயமில்லை. வாயைத் திறந்ததும் துணிப்பைதான் வந்தது. முழுவதையும் சொன்னேன்.  வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

சேட்டு சிரிக்கவில்லை. "எத்தர வர்ஷம்?" என்றார்.

"ஏழு."

 "இனி வேண்டா. சாம்பிள் எடுத்த பாக்கி, அதே சாக்கில் திரிச்சு இடணம்" என்றார். மீதியை அதே சாக்கில் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் அசையாமல் நின்றேன். "வேற எந்தெங்கிலும் உண்டோ?" என்று கேட்டார். வேறு ஏதாவது உண்டா.

"வேற ஒண்ணும் இல்ல முதலாளி" என்றேன்.

இறங்கும்போது எனக்கு அப்படிப் பசித்தது. நேரே எதிர்க்கடைக்குப் போய் மூன்று குழல் புட்டும் கடலையும் தின்றேன். இரண்டு சாயா குடித்தேன். கடைக்கார மலையாளி, "எந்தா அண்ணாச்சி, இன்னலெ பட்டினியாயிருன்னோ?" என்றார். நேற்றுப் பட்டினிதான் என்று சொன்னேன். ஏழு வருஷமாக அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், அன்றுதான் உடம்பு லேசாக நடந்தேன்.

தென்காசிக்காரி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் அவளிடம் முதலில் என் பையைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "நீ எடுத்ததப் பாத்தேன். மேல சொல்லல. சொல்லவும் மாட்டேன். இனி எடுக்காதம்மா" என்றேன். வாளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா நேத்தே வீட்டுக்கு வந்தா. ஜாதிபத்திரி காரியம் சொன்னா. பொட்டலத்த அவகிட்டக் குடுத்துட்டேன்." பிறகு, துடுக்கெல்லாம் அடங்கிய குரலில், "அவருக்கு ரசம் வைக்கத்தான் எடுத்தேன் அண்ணாச்சி. வேற ஒண்ணும் இறங்கல அவருக்கு" என்றாள்.

அந்த ஒரு பிடியை வைத்து நான் அவளை ஊருக்கு அனுப்பப் பார்த்தேன். நல்லவேளை, நடக்கவில்லை.

அக்கா முற்றத்தில் தன் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். "நேத்து நீங்க கேட்டப்ப எனக்கு ஒண்ணும் கெடயாதுன்னேன். இருந்துச்சு. இப்பச் சேட்டுகிட்டச் சொல்லிட்டு வாறேன்."

சுளகு நின்றது. "பையா?" என்றாள்.

"தெரியுமா?"

"வந்த வருஷமே பாத்துட்டேன். மேல போயிச் சொல்லிரணும்னு மூணு தடவை ஏணிப்படி ஏறினேன் அண்ணாச்சி. சேட்டு முன்னால நின்னா முதல்ல என்னோடதச் சொல்லணும்லா? அதுக்குத் துணிச்சல் வரல. பாதிப் படியில எறங்கிருவேன்." சுளகில் கிடந்த மிளகை விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "சரி, உங்ககிட்டயாவது நேராச் சொல்லியிருக்கணும். நீங்க கோவக்காரரு. பயந்துட்டேன். அது என் தப்பு. மன்னிச்சிக்கிடுங்க."

ஆறு வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.  எனக்குக் கண் கலங்கியது. மிளகுத் தூசு என்று துடைத்துக்கொண்டேன்.

அவள் திடீரென்று எழுந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கொசுவத்தைச் சரி செய்தாள்.

"எங்க?"

"மேல. நீங்களே சொல்லிட்டீங்க. இனியும் நான் சொல்லலன்னா நல்லாருக்காது."

"நானும் வாறேன்."

"வரண்டாம்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கீழே நான் நின்றேன். நான் ஏறியபோது எனக்கு இவ்வளவு பயமாக இல்லை. எனக்காவது மூக்கு இருந்தது, சேட்டுக்கு அது தேவை. புடைக்கிற பெண்ணுக்குப் பதிலாக இன்னொரு பெண் வாசலிலேயே நிற்பாள். விஷயம் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சுளகாக ஓசை நின்றது. தென்காசிக்காரி கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் மணி நேரம் இருக்கும். எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்தது.

படியில் அவள் கால் தெரிந்தது. இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டி, சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சேட்டு என்ன சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, 'இந்நு எல்லாவர்க்கும் எந்து பற்றி?'ன்னு கேட்டாரு."

இன்றைக்கு எல்லோருக்கும் என்னதான் ஆயிற்று என்று சேட்டு கேட்டிருக்கிறார். முதலில் சிரித்தவள் தென்காசிக்காரி. பிறகு முற்றமே சிரித்தது. அக்கா தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், அன்று அவளுக்குச் சத்தமும் வந்தது.